தென்மாநிலச் சிற்றூர் ஆலயங்களில்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ப்ளெய்ன்ஸ் என்றொரு ஊர். 2020 கணக்கெடுப்பில் 573 பேர். சுற்றிலும் நிலக்கடலைக் காடு, ஒரு ரயில் பாதை, அதை ஒட்டி ஒரு வரிசைக் கடைகள். முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் பிறந்து, வாழ்ந்து, அடக்கமான ஊர் என்பதால் வெளியுலகத்துக்கும் பெயர் தெரியும். இந்தச் சின்ன ஊருக்கே பாப்டிஸ்ட் ஆலயம் இரண்டு, மெதடிஸ்ட் ஒன்று. இரண்டு மூன்று மைல் தள்ளினால் ஆப்பிரிக்க மெதடிஸ்ட். பத்து மைல் கிழக்கே அமெரிகஸ் நகரத்துக்குப் போனால் பிரஸ்பிட்டேரியன், எப்பிஸ்கோப்பல், கத்தோலிக்கம், சர்ச் ஆஃப் கிறைஸ்ட், பெந்தெகொஸ்தே என்று வரிசை நீளும்.

இந்தப் பக்கத்து ஊர்களுக்குப் படிக்க வரும் பிள்ளைகள், சிறிய ஆஸ்பத்திரிகளில் வேலைக்குச் சேரும் டாக்டர்கள், நர்ஸுகள், அவர்களோடு ஆறு மாதம் தங்கிவிட்டுப் போக வரும் அப்பா அம்மாக்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். அட்லாண்டா மாதிரி அங்கே தமிழ்ச் சபை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் உள்ளூர் ஆலயம்தான். நம்மூரில் சி.எஸ்.ஐ.யிலோ லுத்தரனிலோ பெந்தெகொஸ்தேயிலோ வளர்ந்தவருக்கு உள்ளே நடப்பதில் பாதி தெரிந்ததாகவே இருக்கும். காலை வாருவதும் அந்தப் பாதிதான். உபதேசத்தில் யார் சரி, யார் தப்பு என்பதெல்லாம் அப்புறம். எப்போது வாய் திறக்கலாம், எப்போது எழுந்து நடக்கலாம், எப்போது ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே சபைக்குச் சபை மாறுவது அதுதான்.

போகும் முன்

“எந்த சர்ச்சுக்குப் போகிறீர்கள்?” என்ற கேள்விக்குக் கோபப்படாதீர்கள். குடிவந்த முதல் வாரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார், பாங்கில் கேட்பார்கள், முடி வெட்டுகிறவர் கேட்பார். நம்மூரில் “எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை” என்று கேட்பதும் இதுவும் ஒன்று. உங்களை எங்கே வைத்துப் பார்ப்பது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். இன்னும் முடிவு செய்யவில்லை என்று சொன்னீர்களோ, அங்கேயே அழைப்பு வந்துவிடும்.

பெயர்ப்பலகையை மட்டும் நம்பாதீர்கள். பாப்டிஸ்ட் என்று எழுதியிருப்பதெல்லாம் ஒரே சபை இல்லை. தெற்கத்திய பாப்டிஸ்ட் மாநாடு 1845-ல் இதே ஜார்ஜியாவில், அகஸ்டா நகரத்தில் உருவானது. அடிமை வைத்திருப்பவரை மிஷனரியாக அனுப்பலாமா என்ற சண்டையில் வடக்கோடு பிரிந்தார்கள். அதற்கு அந்த மாநாடு மன்னிப்புக் கேட்டது 1995-ல். ஆனால் பாப்டிஸ்ட் முறையில் ஒவ்வொரு ஆலயமும் தன் விஷயத்தைத் தானே முடிவு செய்யும். மேலே பிஷப் கிடையாது. அதனால் ஒரே ஊரில் இரண்டு பாப்டிஸ்ட் ஆலயம் இருந்தால் இரண்டுக்கும் நடுவே ஒரு பழைய சண்டை இருக்கும் என்று எண்ணிக்கொண்டே போங்கள்.

ப்ளெய்ன்ஸின் சண்டை உலகத்துக்கே தெரிந்தது. ப்ளெய்ன்ஸ் பாப்டிஸ்ட் சபை 1965-ல் கறுப்பினத்தவரையும் உரிமைப் போராட்டக்காரரையும் ஆராதனைக்குள் விடுவதில்லை என்று தீர்மானித்தது. கார்ட்டர் குடும்பம் அதை எதிர்த்து வாக்களித்தது. 1976 அக்டோபர் 31, கார்ட்டர் அதிபராகத் தேர்வான தேர்தலுக்கு இரண்டே நாள் முன்பு, கிளென்னன் கிங் என்ற கறுப்பினப் போதகர் அங்கத்தினராகச் சேர வந்தார். அன்றைய ஆராதனையையே ரத்து செய்துவிட்டார்கள். மறுமாதம் வாக்கெடுத்துக் கதவைத் திறந்தார்கள் என்றாலும் கசப்பு போகவில்லை. 1977-ல் ஒரு கூட்டம் பிரிந்து ஊர் எல்லையில் மாரநாதா பாப்டிஸ்ட் சபையைத் தொடங்கியது. அதிபர் பதவி முடிந்து ஊர் திரும்பிய கார்ட்டர் பல பத்தாண்டுகள் ஓய்வுநாள் பள்ளி வகுப்பு எடுத்தது இந்த ஆலயத்தில்தான். அங்கத்துக் காணிக்கைத் தட்டுகளும் அவர் தன் பட்டறையில் செய்தவை. அவர் மனைவி ரோசலின் அங்கே டீக்கனாக இருந்தார். பெண்களை அந்தப் பொறுப்பில் ஏற்காத பாப்டிஸ்ட் ஆலயங்கள் அதே மாவட்டத்தில் ஏராளம்.

மெதடிஸ்ட் ஆலயத்துக்குப் போனால் பலகையில் “யுனைடெட்” என்ற சொல் இருக்கிறதா, புதிதாக எடுக்கப்பட்டிருக்கிறதா என்று கவனியுங்கள். ஏன் என்று மட்டும் வாசலிலேயே கேட்காதீர்கள். ஒருபாலினத் திருமணம், ஊழியர் நியமனம் பற்றிய தகராறில் 2019 முதல் 2023 வரை அமெரிக்காவில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு ஆலயங்கள் யுனைடெட் மெதடிஸ்ட் சபையைவிட்டு வெளியேறின. அதில் பிரிந்துபோன அண்ணன் தம்பிகள் உண்டு. அந்தப் புண் இன்னும் ஆறவில்லை.

எந்த ஞாயிறு ஆராதனை என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கிராமப்புறத்து ஆலயங்கள் சிலவற்றில், முக்கியமாகக் கறுப்பர் ஆலயங்களிலும் ப்ரிமிட்டிவ் பாப்டிஸ்ட் ஆலயங்களிலும், மாதத்தில் ஒன்றோ இரண்டோ ஞாயிறுதான் ஆராதனை. ஒரே போதகர் இரண்டு மூன்று ஆலயம் பார்ப்பார். முதல் ஞாயிறு, மூன்றாம் ஞாயிறு என்று பலகையிலேயே இருக்கும். பார்க்காமல் போனால் பூட்டிய கதவும் கல்லறைத் தோட்டமும்தான்.

உடை விஷயத்தில் கவலை வேண்டாம். சேலை கட்டிப் போகலாம். நாலு பாட்டிமார் வந்து கரையைத் தொட்டுப் பார்ப்பார்கள்.

உள்ளே போனதும்

செருப்பைக் கழற்றாதீர்கள். முக்காடும் தேவையில்லை. ஆண் பக்கம், பெண் பக்கம் கிடையாது, குடும்பமாக உட்காரலாம். ஆண்கள் தொப்பி போட்டிருந்தால் கழற்ற வேண்டும்.

பத்து நிமிடம் முன்னதாகப் போய் வாசலில் நிற்பவரிடம் “எங்கே உட்காரலாம்?” என்று கேளுங்கள். காலியாகக் கிடக்கிறதே என்று நீங்களாகப் போய் உட்காரும் பெஞ்சு ஒரு குடும்பம் மூன்று தலைமுறையாக உட்காரும் பெஞ்சாக இருக்கும். யாரும் எழுப்ப மாட்டார்கள். சிரித்துக்கொண்டே பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்கள். ஊர் முழுக்க மட்டும் தெரிந்துவிடும்.

மேடைக்குப் பக்கத்துச் சுவரில் மரப்பலகை ஒன்று தொங்கும். பாமாலை எண் எழுதும் பலகை நமக்குத் தெரியும். இது வேறு: இன்று வந்தவர் இத்தனை, போன வாரம் இத்தனை, காணிக்கை இவ்வளவு என்று எண் அட்டைகளைச் செருகி வைத்திருப்பார்கள். சிறிய சபையின் நாடி அந்தப் பலகையில் இருக்கிறது. படம் எடுக்காதீர்கள், எண் குறைந்துகொண்டு வரும் சபைக்கு அது சங்கடம்.

மேடையின் ஒரு பக்கம் அமெரிக்கக் கொடி, மறுபக்கம் வெள்ளைத் துணியில் நீலக் கட்டமும் சிவப்புச் சிலுவையும் உள்ள கிறிஸ்தவக் கொடி நிற்பதைப் பல ஆலயங்களில் பார்ப்பீர்கள். ஜூலை 4-ஐ ஒட்டிய ஞாயிறு போனால் தேசப் பாடல்களே ஆராதனையில் பாதி. ஆலயத்துக்குள் தேசக்கொடி என்ன வேலை என்று எனக்கும் தோன்றுவதுண்டு. விருந்தாளியாகப் போன இடத்தில் அதை விவாதமாக்காதீர்கள். அரசியல் பேச்சுக்கும் இதே விதி.

பெரியவர்களைப் பெயர் சொல்லி அழைக்காதீர்கள். வயதான அம்மாவை “மிஸ்” சேர்த்து முதற்பெயரால் கூப்பிடுவது அங்கத்து வழக்கம். ஆமாம், இல்லை என்று பதில் சொல்லும்போது கூடவே ஒரு “மேம்”, “சார்”. பாப்டிஸ்ட் போதகரைப் பலர் “பிரதர்” என்பார்கள். கறுப்பர் ஆலயத்தில் “ரெவரெண்ட்” அல்லது “பாஸ்டர்”. சர்ச் ஆஃப் கிறைஸ்ட் பிரசங்கியாரை மறந்தும் “ரெவரெண்ட்” என்று அழைக்காதீர்கள். அந்தப் பட்டமே வேதத்தில் மனிதனுக்கு இல்லை என்பது அவர்கள் கொள்கை.

அழைப்புப் பாட்டின்போது

இந்த ஒன்றை நினைவில் வைத்தால் போதும், மற்றதை மறந்தாலும் பரவாயில்லை. பாப்டிஸ்ட் ஆராதனையில் பிரசங்கம் முடிந்ததும் போதகர் மேடையைவிட்டு இறங்கிக் கீழே முன்னால் வந்து நிற்பார். பியானோ மெதுவாக வாசிக்கும். சபை எழுந்து நின்று பாடும். “யாராவது வர விரும்பினால் வரலாம்” என்பார். நம்மூர்க் கூட்டங்களில் ஜெபம் பண்ணிக்கொள்ளவும் ஆசீர்வாதம் வாங்கவும் முன்னால் போய்ப் பழகியவர்கள் உடனே நடந்துவிடுவார்கள்.

நடக்காதீர்கள். அங்கே அந்த நடைபாதையில் முன்னால் போவது பெரும்பாலும் இரண்டில் ஒன்று: கிறிஸ்துவை இன்று ஏற்றுக்கொள்கிறேன் என்று அறிக்கை செய்வது, அல்லது இந்தச் சபையில் சேருகிறேன் என்று சொல்வது. முன் பெஞ்சில் உட்காரவைத்து ஒரு அட்டையை நிரப்பச் சொல்வார்கள். பாட்டு முடிந்ததும் போதகர் உங்கள் தோளில் கை போட்டு, பெயர் சொல்லி அறிமுகப்படுத்துவார். ஏற்றுக்கொள்கிறவர்கள் ஆமென் சொல்லலாம் என்பார். சபை முழுக்க ஆமென் சொல்லும். ஆராதனை முடிந்ததும் வரிசையாக வந்து கை குலுக்குவார்கள். மரியாதைக்கு எழுந்து போனவர் அங்கத்தினராகித் திரும்புவார். அதன்பிறகு “நான் ஜெபத்துக்குத்தான் வந்தேன்” என்று எப்படிச் சொல்வது?

உண்மையிலேயே சேர விரும்பினால் இன்னொன்று தெரிந்திருக்க வேண்டும். குழந்தையில் தெளிப்பு ஞானஸ்நானம் பெற்ற சி.எஸ்.ஐ., லுத்தரன், கத்தோலிக்கரைப் பெரும்பாலான தெற்கத்திய பாப்டிஸ்ட் சபைகள் மறுபடி முழுக்கு எடுக்கச் சொல்லும். பாடகர் குழுவுக்குப் பின்னால், சுவருக்குள் அமைந்த தொட்டியில் அது நடக்கும். சில பழைய ஆலயங்களில் தொட்டிக்குப் பின்சுவரில் உள்ளூர் ஓவியர் வரைந்த யோர்தான் ஆறு ஓடும். கரையில் நிற்கும் மரங்கள் ஜார்ஜியா மரங்கள். போதகர் அங்கிக்குள்ளே மீன் பிடிப்பவர் போடும் ரப்பர் கால்சட்டை மாட்டியிருப்பார். ஊரில் வாங்கிய ஞானஸ்நானச் சீட்டை நீட்டி வாதாடாதீர்கள். அவர்களுக்கு அது விலாசம் தெரியாத கடிதம். மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், எப்பிஸ்கோப்பல் சபைகளுக்கு அந்தச் சீட்டே போதும். 1947-ல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் எல்லாம் ஒன்றாகித்தான் சி.எஸ்.ஐ. வந்தது என்பதால், முறைப்படி பார்த்தால் இந்த மூன்றும் நம் பங்காளி வீடுகள்.

திருவிருந்து

யாருக்கு உண்டு என்று கேட்டுவிட்டு எடுங்கள். மெதடிஸ்ட் பந்தி எல்லாருக்கும் திறந்தது. கத்தோலிக்கத்தில் மற்றவர்கள் கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிப் போனால் பல இடங்களில் ஆசீர்வாதம் தருவார்கள். போகாமல் உட்கார்ந்திருந்தாலும் தவறில்லை. தென்மாநில மறைமாவட்டங்கள் பலவற்றில் இந்தியாவிலிருந்து வந்த குருக்கள் பணி செய்கிறார்கள், ஆகவே பூசைக்குப் பிறகு தமிழ் காதில் விழுந்தால் திடுக்கிடாதீர்கள். பாப்டிஸ்ட் ஆலயங்களில் இது சபைக்குச் சபை மாறும். பல இடங்களில் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் நடக்கும். சர்ச் ஆஃப் கிறைஸ்டில் வாரம் தவறாது.

பாப்டிஸ்ட், மெதடிஸ்ட் ஆலயங்களில் ரசம் என்றால் திராட்சைச் சாறு. 1869-ல் தாமஸ் வெல்ச் என்ற மெதடிஸ்ட் பல் மருத்துவர் சாற்றைப் புளிக்காமல் காப்பாற்றும் வழியைத் தன் சபையின் திருவிருந்துக்காகவே கண்டுபிடித்தார். இன்றும் கடையில் அவர் பெயரில் பாட்டில் இருக்கிறது. கட்டைவிரல் அளவுக் கோப்பைகள் தட்டில் வரும். வாங்கியவுடன் குடித்துவிடாதீர்கள், எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தபின் போதகர் சொல்லும்போது சேர்ந்து குடிப்பது பல சபைகளில் முறை. காலிக் கோப்பையை என்ன செய்வது என்று தவிக்க வேண்டாம். முன்பெஞ்சின் முதுகில், பாட்டுப் புத்தகம் வைக்கும் தட்டின் ஓரத்தில், வட்டமாக ஓட்டை போட்டிருக்கும். அதில் செருகினால் போதும். எப்பிஸ்கோப்பல் ஆலயத்தில் நிஜத் திராட்சை ரசம், ஒரே கிண்ணம், முழங்காற்படியிடுதல். நம்மூர்ப் பேராலயத்தில் வளர்ந்தவர்கள் அங்கே நிம்மதியாக உணர்வார்கள்.

இதோடு சேர்த்து ஒன்று: பாப்டிஸ்ட் போதகர் வீட்டுக்கு விருந்துக்குப் போகும்போது ஒயின் பாட்டில் எடுத்துப் போகாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை கடையில் மது விற்கலாமா என்பதை ஊர்கள் வாக்கெடுத்து முடிவு செய்யலாம் என்று ஜார்ஜியா சட்டம் போட்டதே 2011-ல்தான்.

பாட்டு

சர்ச் ஆஃப் கிறைஸ்டில் பியானோவைத் தேடாதீர்கள். ஆர்கன், கிட்டார், தம்புரு எதுவும் இல்லை. புதிய ஏற்பாட்டில் வாத்தியம் சொல்லப்படவில்லை, எனவே கூடாது என்பது அவர்கள் நிலை. பாடகர் குழுவும் கிடையாது. ஒருவர் முன்னால் நின்று கையசைப்பார். சபை முழுவதும் நாலு குரலில் பிரிந்து பாடும். சும்மா மெட்டைப் பாடினாலும் பரவாயில்லை, பாடுங்கள். கைதட்டித் தாளம் போடாதீர்கள்.

சேக்ரட் ஹார்ப் பாடல் கூட்டம் எங்காவது நடக்கிறது என்று கேள்விப்பட்டால் வேலையை விட்டுவிட்டாவது போங்கள். 1844-ல் வெளிவந்த பாட்டுப் புத்தகத்தின் பெயர் அது. தொகுத்த இருவரில் ஒருவரான பி. எஃப். ஒயிட் ப்ளெய்ன்ஸுக்கு வடமேற்கே உள்ள ஹாமில்டன் ஊரில் வாழ்ந்தவர். சுரங்களை முக்கோணம், வட்டம், சதுரம், வைரம் என்று வடிவத்தால் எழுதியிருப்பார்கள், ஏட்டுக்கல்வி இல்லாத விவசாயியும் படிக்க வேண்டும் என்று. பாடுகிறவர்கள் நாலு பக்கமும் சதுரமாக, உள்முகமாக உட்காருவார்கள். முதலில் சுரத்தின் பெயரைப் பாடிவிட்டுத்தான் வார்த்தையைப் பாடுவது. கர்நாடக சங்கீதம் படித்த பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடித்துவிடும். நடுவில் நின்று நடத்த வாங்க என்று கூப்பிட்டால் போய் நில்லுங்கள். நாலு பக்கக் குரலும் வந்து மோதும் இடம் அதுதான். அது கச்சேரி இல்லை, கேட்பவருக்காகப் பாடுவதும் இல்லை. முடிந்ததும் கைதட்டக்கூடாது.

கறுப்பர் ஆலயத்தில்

தனித்தனி ஆலயம் ஏன் என்று கேட்டு முகம் சுளிக்காதீர்கள். அடிமை நாட்களில் எஜமானின் ஆலயத்தில் மாடியிலும் பின்பெஞ்சிலும் உட்காரவைக்கப்பட்டவர்கள், விடுதலை வந்ததும் வெளியேறித் தங்களுக்கென்று கட்டியவை அவை. ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எப்பிஸ்கோப்பல் சபை அதற்கும் முன்பே, 1816-ல், ரிச்சர்ட் ஆலன் தலைமையில் பிலடெல்பியாவில் உருவானது. கார்ட்டர் சிறுவனாக வளர்ந்த ஆர்ச்சரி கிராமத்தில் இருப்பதும் அந்தச் சபையின் ஆலயம்தான். சாதிக்கொரு பக்கமாக உட்கார வடக்கன்குளம் கோயிலுக்குள் சுவர் எழுப்பி, 1910-ல்தான் இடித்த ஊர்க்காரர்கள் நாம். கேள்வி கேட்கும் தகுதி நமக்குக் கொஞ்சம் குறைவு.

இந்த மாவட்டத்தின் கதையில் ஒரு இந்தியரும் இருக்கிறார். அமெரிகஸுக்குப் பக்கத்தில் கிளாரன்ஸ் ஜோர்டான் 1942-ல் கொய்னோனியா என்ற பண்ணையைத் தொடங்கினார். கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து உழைத்து, சேர்ந்து சாப்பிடுவது அதன் முறை. 1950-ல் பண்ணைக்கு வந்திருந்த இந்திய மாணவர் ஒருவர், இந்து, அமெரிக்க ஆராதனை ஒன்றைப் பார்க்க ஆசைப்பட்டார். அருகிலிருந்த ரெஹொபோத் பாப்டிஸ்ட் ஆலயத்துக்கு அழைத்துப் போனார்கள். அவருடைய நிறத்தைப் பார்த்துச் சபை கொதித்தது. அந்த ஆகஸ்டிலேயே கொய்னோனியாக்காரர்களைச் சபையைவிட்டு நீக்கிவிட்டார்கள். பிற்பாடு அந்தப் பண்ணை துப்பாக்கிச் சூடும் வியாபாரப் புறக்கணிப்பும் பட்டு, பெக்கான் கொட்டையைத் தபாலில் விற்றுப் பிழைத்தது. ஏழைகளுக்கு வீடு கட்டும் ஹாபிடட் ஃபார் ஹியூமானிட்டி 1976-ல் பிறந்ததும் இந்த வேரிலிருந்துதான். இன்று உங்களை வாசலில் கட்டிப்பிடித்து வரவேற்பார்கள். அந்த வரவேற்புக்கு யார் விலை கொடுத்தார்கள் என்று தெரிந்துகொண்டு உள்ளே போங்கள். பண்ணை இன்னும் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம்.

புதன்கிழமை வேதபாடத்துக்கு முன்பின் தெரியாமல் போவதானால் முதலில் போன் செய்யுங்கள். 2015 ஜூன் 17 அன்று சார்ல்ஸ்டனில் மதர் இமானுவேல் ஆலயத்தில், அந்நிய இளைஞன் ஒருவனை வேதபாடத்தில் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்கள். கடைசியில் அவன் ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றான். அதற்குப் பிறகு கதவில் ஒருவர் நின்று “யாரைப் பார்க்க வந்தீர்கள்?” என்று கேட்டால் அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உள்ளே போனால் வெள்ளைக் கையுறை போட்ட வழிகாட்டிகள் நிற்பார்கள். அவர்கள் கைதான் அங்கே சட்டம். ஒரு கை முதுகுக்குப் பின்னால், ஒரு கை முன்னால் நீண்டால் நில் என்று பொருள். ஜெபத்தின் நடுவிலும் வேதவாசிப்பின்போதும் நடக்கக்கூடாது, வெளியே போயிருந்தாலும் கதவருகிலேயே காத்திருக்க வேண்டும்.

“இன்று முதல்முறை வந்தவர்கள் எழுந்து நில்லுங்கள்” என்பார்கள். எழுந்து நில்லுங்கள், கூச்சப்படாதீர்கள். பெயர், ஊர், உங்கள் ஊர்ச் சபையின் வாழ்த்து என்று மூன்று வரி போதும். நாசரேத்திலிருந்தோ நாகர்கோவிலிலிருந்தோ வாழ்த்துக் கொண்டுவந்தேன் என்று சொன்னால் சபை முழுக்கக் கைதட்டும். சாட்சி சொல்ல ஆரம்பித்துவிடாதீர்கள்.

பிரசங்கத்தின்போது வாய் மூடி உட்கார்ந்தால் போதகருக்குப் பாதி பலம் போய்விடும். அவர் ஒரு வரி சொல்ல, சபை ஒரு வரி திருப்பித் தரும்; கடைசியில் ஹேமண்ட் ஆர்கன் அவர் குரலோடு சேர்ந்து ஏறும். நீங்கள் கத்த வேண்டியதில்லை, ஒரு ஆமென் போதும். யாராவது ஆவியில் நிறைந்து ஆடினாலோ அழுதாலோ திரும்பி முறைக்காதீர்கள், செல்போனைத் தூக்காதீர்கள். வெள்ளை உடுப்புப் பெண்கள் விசிறியோடு வந்து பார்த்துக்கொள்வார்கள். பெஞ்சில் கிடக்கும் அட்டை விசிறியைத் திருப்பிப் பாருங்கள்: ஊரில் சவ அடக்கம் செய்யும் கடையின் விளம்பரம் இருக்கும்.

சில்லறை டாலர் நோட்டுகள் எடுத்துப் போங்கள். காணிக்கை ஒன்றுக்கு மேற்பட்ட தடவை வரலாம். பெஞ்சு பெஞ்சாக எழுந்து முன்னால் போய்ப் போடுவதும் உண்டு, அப்போது மட்டும் தயங்காமல் நடக்கலாம்.

பெந்தெகொஸ்தே

நம்மூரில் பழகியவர்களுக்கு இங்கே அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அந்நியபாஷை, எண்ணெய் பூசுதல், கைவைத்து ஜெபம் எல்லாம் தெரிந்ததே. உங்கள்மேல் கைவைப்பதில் விருப்பமில்லை என்றால் இருக்கையிலேயே இருங்கள். பாம்பு பிடிப்பீர்களா என்று மட்டும் யாரிடமும் கேட்காதீர்கள். அப்பலாச்சிய மலைப்பகுதியில் ஒரு சில சின்னச் சபைகளின் வழக்கம் அது. அதைப் பரப்பிய ஜார்ஜ் ஹென்ஸ்லி 1955-ல் பாம்பு கடித்தே செத்தார். கடலைக் காட்டு ஊரில் இந்தக் கேள்வி, உங்களைப் பாம்பாட்டியா என்று அவர்கள் கேட்பதற்குச் சமம்.

சாப்பாடு

அழைத்தால் மறுக்காதீர்கள். திருநெல்வேலிப் பக்கத்து அசனம் தெரிந்தவர்களுக்கு அங்கத்து ஹோம்கமிங் விருந்து புரிந்துவிடும்: வெளியூர் போனவர்கள் எல்லாம் ஊர் ஆலயத்துக்குத் திரும்பும் ஞாயிறு, கல்லறைக்குப் பூ, மரத்தடியில் நீள மேசை. வித்தியாசம், அங்கே ஒரே அண்டாவில் சமைப்பதில்லை, வீட்டுக்கு வீடு பாத்திரம் வரும்.

வெறுங்கையோடு போகாதீர்கள். எலுமிச்சைச் சாதம், கேசரி நன்றாகப் போகும். காரத்தைக் குறையுங்கள். முந்திரி, கடலை போட்டிருந்தால் சீட்டில் எழுதி வையுங்கள். பாத்திரத்தின் அடியில் டேப் ஒட்டிப் பெயர் எழுதுங்கள். எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள், எழுதாத பாத்திரம் ஆலயச் சமையலறை அலமாரியிலேயே குடியேறிவிடும்.

சைவர்கள் ஜாக்கிரதை. கீரை, மொச்சை, பச்சை பீன்ஸ் எல்லாவற்றிலும் பன்றி எலும்போ கொழுப்போ விழுந்திருக்கும், மேலே பார்த்தால் தெரியாது. முட்டை பரவாயில்லை என்றால் வாழைப்பழப் புட்டிங்கை நம்பலாம், மக்காச்சோள ரொட்டியைக் கேட்டுவிட்டு. யார் சமைத்தது என்று கேட்டு, அவரிடமே போய் நன்றாக இருந்தது என்று சொல்லுங்கள். அடுத்த வாரம் உங்கள் வீட்டுக்கே வரும்.

கிறிஸ்தவர் அல்லாதவர்களுக்கு

கூப்பிடுகிறார்கள் என்று பயப்படாதீர்கள், கூப்பிடுகிறவரை ஏமாற்றவும் வேண்டாம். “பார்க்கலாம்”, “அடுத்த வாரம் வருகிறேன்” என்று நம்மூர் பாணியில் தலையாட்டினால் அவர்கள் உண்மையாகவே அடுத்த வாரம் வாசலில் காரோடு நிற்பார்கள். எனக்கு என் வழிபாடு உண்டு, அழைத்ததற்கு நன்றி என்று நேராகச் சொன்னால் மதிப்பார்கள். இரட்சிக்கப்பட்டீர்களா என்று இன்னொரு தடவை கேட்பார்கள். அதையும் சிரித்து முடித்துவிடலாம். வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போய், உங்கள் பெயரை ஜெபக் குறிப்பில் சேர்த்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். அந்தக் குறிப்பைப் படித்துவிட்டுத்தான் சாயங்காலம் ஒருவர் சூடான பாத்திரத்தோடு கதவைத் தட்டுவார்.

குழந்தைகளைக் கோடையில் விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு அனுப்பக் கேட்பார்கள். பெரும்பாலும் இலவசம், பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் அது குழந்தை பார்த்துக்கொள்ளும் இடம் இல்லை, சுவிசேஷம் சொல்வதற்கென்றே நடப்பது. தெரிந்து அனுப்புங்கள்.

ஒரே ஒரு ஞாயிறுதான் கையில் இருக்கிறது, எங்கே போவது என்று கேட்டால் என் பதில் கறுப்பர் ஆலயம், அதுவும் மாதத்தின் முதல் ஞாயிறு. பல சபைகளில் அன்று திருவிருந்து, மூத்த தாய்மார்கள் தலை முதல் கால் வரை வெள்ளையில் முன்வரிசையில் இருப்பார்கள். இரண்டாவது ஞாயிறு கிடைத்தால் வாத்தியம் இல்லாத சர்ச் ஆஃப் கிறைஸ்ட். முதல் இடத்துக்குக் கிளம்பும் முன் காலைச் சாப்பாட்டை வயிறாரச் சாப்பிட்டுவிடுங்கள். பதினொரு மணிக்கு உட்கார்ந்தால் ஒன்றரைக்கு முன் எழுந்திருக்க மாட்டீர்கள்.